குடியரசுத் தலைவர் ஆவதற்கு முன் ஒரு வக்கீல்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்க நண்பர்கள் கேட்டபோது, 'என்ஜினியர்தானே, வைகை அணையைப் பற்றியோ ஏதாவது பாலத்தைப் பற்றியோ எழுதுவான்' என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதப் போவது ஒரு வக்கீலைப் பற்றி. அதுவும் பீகார் வக்கீல். "பேரையூர்க்காரனுக்கும் பீகார் வக்கீலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சம்பந்தம் இருக்கிறது. சுற்றிவிட்டுப் பேரையூருக்கே வந்து சேருவோம்.

1928-ம் ஆண்டு சென்னை திருவல்லிக்கேணியில் எஸ்.கணேசன் என்ற பதிப்பாளர் ஆங்கிலத்தில் ஒரு சரித்திர நூலை வெளியிட்டார். தலைப்பு, 'சத்தியாகிரகா இன் சம்பாரன்'. 1917-ல் பீகாரின் சம்பாரன் மாவட்டத்தில் அவுரி பயிரிட்ட குடியானவர்களுக்காகக் காந்திஜி நடத்திய போராட்டத்தின் வரலாறு அது. எழுதியவர் அந்தப் போராட்டத்தில் கூடவே இருந்த பாட்னா வக்கீல் ராஜேந்திர பிரசாத். புத்தகம் வந்து 22 வருஷம் கழித்து, 1950 ஜனவரி 26 அன்று, அவர் இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நமக்கு அந்தப் பிற்பகுதி மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரு நாட்டின் தலைவர் ஆனவர் அதற்கு முன் கோர்ட்டில் என்ன செய்தார் என்று தேடுவதில் அமெரிக்காக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆபிரகாம் லிங்கன் வாதாடிய ஆயிரக்கணக்கான கேஸ்களின் காகிதங்களை ஊர் ஊராகக் கோர்ட் அலமாரிகளில் தோண்டி எடுத்துத் தொகுத்திருக்கிறார்கள். 1856-ல் மிசிசிப்பி ஆற்றில் புதிதாகக் கட்டிய ரயில் பாலத்தின் தூணில் ஒரு நீராவிப் படகு மோதித் தீப்பிடித்தது. படகுக்காரர்கள் பாலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். பாலத்துக்காக 1857-ல் வாதாடியவர் லிங்கன். ஆற்றின் நீரோட்ட வேகம் என்ன, தூண் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அவர் அலசியதைப் படித்தால், இந்த மனுஷன் நம்ம டிபார்ட்மெண்டில் இருக்க வேண்டியவர் என்று தோன்றும். 1859-ல் அவர் வாதாடிய ஒரு கொலை வழக்கின் முழு விசாரணைப் பதிவு, 1989-ல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் கிடைத்தது. அதை வைத்து 2018-ல் ஒரு முழுப் புத்தகமே வந்துவிட்டது.

நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன் 1935-ல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்தவர். 1942 போராட்டத்தில் இரண்டு வருஷம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், ரயில்வே ஊழியர் என்று தொழிற்சங்க வேலையில் இறங்கினார். ஜப்பான்காரர்களுக்கு ஒத்துழைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட, 1946-ல் இந்திய அரசாங்கம் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிய வக்கீல் குழுவில் அவரும் ஒருவர். 1949-ல் தொழிலாளர் சட்டத்துக்கென்றே 'லேபர் லா ஜர்னல்' என்ற இதழைத் தொடங்கினார். 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவர். லிங்கனுக்குச் செய்ததுபோல் அவருடைய கோர்ட் வாழ்க்கையை யாராவது உட்கார்ந்து எழுதலாம். அதற்கு வேண்டிய சரக்கு மலேயாவிலேயே கிடைக்கும்.

ராஜேந்திர பிரசாத்துக்கு வருவோம். 1884-ல் பிறந்தவர். கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் மாணவர். 1911-ல் கல்கத்தா ஹைகோர்ட்டில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். இவர் வாதாடுவதைக் கேட்ட நீதிபதி அசுதோஷ் முகர்ஜி, சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லக் கூப்பிட்டார் என்றால் ஆள் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1916-ல் பாட்னாவில் தனி ஹைகோர்ட் வந்ததும் அங்கே மாறினார். சட்டத்தில் மேற்பட்டம், நல்ல வருமானம், வேலைக்காரர்கள், வீட்டுக்கு வரிசையாகக் கட்சிக்காரர்கள். அப்படியே போயிருந்தால் ஹைகோர்ட் ஜட்ஜாக ரிடையர் ஆகியிருப்பார். நமக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது.

சம்பாரன் பிரச்சினையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். அந்தப் பக்கத்தில் 20 கட்டா சேர்ந்தது ஒரு பிகா நிலம். ஒவ்வொரு பிகாவிலும் 3 கட்டாவில் வெள்ளைக்காரத் துரைமாரின் தொழிற்சாலைக்கு அவுரி பயிரிட்டே தீர வேண்டும். இதற்கு 'தீன்கட்டியா' என்று பெயர். நம்ம கணக்கில் சொன்னால் ஏக்கருக்கு 15 சென்ட். அதுவும் நிலத்திலேயே நல்ல துண்டு எதுவோ, அது. விலையையும் துரைதான் சொல்லுவார்.

1897-ல் ஜெர்மனியில் செயற்கை அவுரிச் சாயம் கடைக்கு வந்தது. இயற்கைச் சாயத்தின் விலை சரிந்தது. சரி, குடியானவன் தப்பித்தான் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் துரைமாரின் வக்கீல் மூளை வேலை செய்தது. 'இனிமேல் நீ அவுரி போட வேண்டாம், உன்னை விடுவிக்கிறேன். அதற்குப் பதிலாகக் குத்தகையைக் கூட்டிக் கொடு' என்றார்கள். வங்காளக் குத்தகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் போட்டு ரூபாய்க்கு 2 அணாவுக்கு மேல் குத்தகையை உயர்த்த முடியாது. ஆனால் குறிப்பிட்ட பயிரை இட வேண்டிய கட்டாயத்திலிருந்து குடியானவனை விடுவித்தால் அந்த வரம்பு கிடையாது என்று 29-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அந்த ஓட்டை வழியாக ஊர் ஊராகப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கைநாட்டு வாங்கிவிட்டார்கள். இந்தக் குத்தகை உயர்வுக்கு 'ஷரபேஷி' என்று பெயர். குத்தகையை உயர்த்தினால் தங்களுக்கு லாபம் இல்லாத நிலங்களில் மொத்தமாக ஒரு தொகை கறந்தார்கள். அது 'தாவான்'. இது போக துரை குதிரை வாங்கினால் ஒரு வரி, யானை வாங்கினால் ஒரு வரி, மோட்டார் கார் வாங்கினால் அதற்கும் ஒரு வரி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரே இருந்தது.

குடியானவர்கள் கோர்ட்டுக்குப் போகாமல் இல்லை. பிரஜகிஷோர் பிரசாத், ராஜேந்திர பிரசாத் போன்ற வக்கீல்கள் அவர்களுக்காக வாதாடிக்கொண்டுதான் இருந்தார்கள். சில கேஸ் ஜெயித்தது, சில கேஸ் தோற்றது. ஒருவன் ஜெயித்தால் அவன் ஒருவனுக்கு மட்டும் தீர்வு. பக்கத்து வயல்காரன் மறுபடியும் வக்கீல் பீஸ், ஸ்டாம்பு, வாய்தா என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கைநாட்டு வைத்த பத்திரம் பதிவுத் துறையின் முத்திரையோடு எதிரே நிற்கும். சட்டப் புத்தகத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே வக்கீல் கை கட்டப்பட்ட மாதிரிதான்.

1916 டிசம்பரில் லக்னோ காங்கிரசுக்கு ராஜ்குமார் சுக்லா என்ற குடியானவர் போய்க் காந்திஜியை விடாமல் பின்தொடர்ந்ததும், 1917 ஏப்ரல் 10 அன்று அவரைப் பாட்னாவுக்குக் கூட்டி வந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. சுக்லா நேராகக் கூட்டிக்கொண்டு போனது ராஜேந்திர பிரசாத் வீட்டுக்கு. அவர் அப்போது பூரிக்குப் போயிருந்தார். வீட்டு வேலைக்காரர்கள் இவரையும் யாரோ பட்டிக்காட்டுக் கட்சிக்காரர் என்றே நினைத்தார்கள். உள்ளே இருந்த கழிப்பறையைப் பயன்படுத்த விடவில்லை. கிணற்றில் இவர் வாளி பட்டால் தீட்டாகிவிடுமோ என்று பயந்தார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவரின் வீட்டில் தேசப்பிதாவுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு இதுதான்!

மோதிஹாரிக்குப் போன காந்திஜியை மாவட்டத்தை விட்டு வெளியேறச் சொல்லி 144-வது பிரிவின் கீழ் உத்தரவு வந்தது. அவர் மறுத்தார். ஏப்ரல் 18 அன்று விசாரணை. ராஜேந்திர பிரசாத்தும் மற்ற வக்கீல்களும் அன்றுதான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். எந்த வக்கீலாக இருந்தாலும் அந்த உத்தரவே சட்டப்படி செல்லாது என்று வாதாடத்தான் பார்ப்பார். காந்திஜியோ தாம் உத்தரவை மீறியது உண்மை, என்ன தண்டனையோ கொடுங்கள் என்று ஒரு சிறிய அறிக்கையைப் படித்துவிட்டு நின்றார். மாஜிஸ்திரேட்டுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தீர்ப்பைத் தள்ளி வைத்தார். ஜாமீன் கட்டச் சொன்னார், மறுத்ததும் சும்மாவே விட்டார். சில நாட்களுக்குள் அரசாங்கம் கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டது.

பொதுவாகக் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். என் கணக்கில் விஷயம் இதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. காந்திஜி வக்கீல்களிடம் சொன்னதன் சாரம்: உங்கள் சட்ட அறிவு எனக்கு அதிகம் தேவைப்படாது. குமாஸ்தா வேலையும் மொழிபெயர்ப்பு வேலையும் செய்ய ஆள் வேண்டும். தேவைப்பட்டால் ஜெயிலுக்கும் வர வேண்டும். ஒரு கருத்துச் சொல்லப் பத்தாயிரம் ரூபாய் வரை பீஸ் நடமாடிய பீகாரில், ஹைகோர்ட் வக்கீல்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. அவர்கள் சம்மதித்தார்கள். குடியானவர் பேசும் மொழி காந்திஜிக்குப் புரியாது. ஆக அவருக்குக் காதும் கையும் இந்த வக்கீல்கள்தான்.

காலையிலிருந்து இருட்டும் வரை ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவரும் சொல்வதை எழுத வேண்டும். சும்மா எழுதினால் போதாது, கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சியை மடக்குவது போலக் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். எந்த ஊர், எத்தனை பிகா, எந்த வருஷம், யார் வாங்கினார், ரசீது இருக்கிறதா? கேள்விக்கு நிற்காத வாக்குமூலத்தைத் தள்ளிவிட வேண்டும். ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவரை விரட்டக் கூடாது, கேட்டுக்கொண்டு போகட்டும் என்பது காந்திஜியின் ஏற்பாடு. இப்படியே ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் சேர்ந்தன. வக்கீல்கள் ஆளுக்கொரு சமையல்காரனோடு வந்து நடு ராத்திரி வரை தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டதும், காந்திஜி அதை நிறுத்தி எல்லோருக்கும் ஒரே சமையல் ஆக்கியதும் இதற்கு நடுவே நடந்த இன்னொரு கதை. சாதி பார்த்துச் சாப்பிட்ட ராஜேந்திர பிரசாத்துக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கட்டட வேலையில் இருக்கிறவர்களுக்கு எம்.புக் தெரியும். எத்தனை கனமீட்டர் கான்கிரீட் போட்டோம், எத்தனை டன் கம்பி கட்டினோம் என்று சைட்டில் நின்று அளந்து அப்போதே எழுதும் அளவுப் புத்தகம். அதில் ஏறாத வேலை நடக்காத வேலைதான். எவ்வளவு உயர்ந்த பாலம் கண்ணெதிரே நின்றாலும் பில் பாஸாகாது. சம்பாரனில் அந்த வக்கீல்கள் எழுதியது ஒரு மாவட்டத்தின் எம்.புக் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1917 ஜூனில் அரசாங்கம் பிராங்க் ஸ்லை தலைமையில் விசாரணைக் கமிட்டி போட்டது. காந்திஜியும் அதில் ஓர் உறுப்பினர். கமிட்டியில் அவர் பேச வேண்டிய அவசியமே குறைவாகத்தான் இருந்திருக்கும், பின்னால் அந்த வாக்குமூலங்கள் இருந்தனவே. தீன்கட்டியா முறை 1918-ல் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது. ஷரபேஷியில் 20 முதல் 26 சதவீதம் வரை குறைந்தது. தாவானில் 25 சதவீதம் திரும்பக் கிடைத்தது. நூற்றுக்கு இருபத்தைந்துதானா என்று எனக்கும் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் துரை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தான் என்ற செய்தி கிராமத்தில் என்ன செய்திருக்கும் என்று யோசித்தால் கோபம் கொஞ்சம் ஆறுகிறது.

ராஜேந்திர பிரசாத்தின் புத்தகத்தில் இந்த எம்.புக் குணத்தைப் பார்க்கலாம். தொழிற்சாலை எது, நிலம் எவ்வளவு, எந்த அதிகாரி எந்தத் தேதியில் என்ன கடிதம் எழுதினார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தன்னைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. கதை படிக்கிற மாதிரி வேகமாக ஓடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் தூக்கம் கூட வரும்.

அவர் 1920-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலை விட்டார். ஆனால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு பெரிய சொத்து வழக்கை, கட்சிக்காரரை நடுவில் விட முடியாது என்று கடைசி வரை நடத்தினார். அது பிரிவி கவுன்சில் வரை போனது. அதற்காக அவர் லண்டன் போனது 1928-ல். திருவல்லிக்கேணியில் இந்தப் புத்தகம் அச்சானதும் அதே வருஷம். கோர்ட்டைப் புறக்கணிக்கச் சொல்லும் இயக்கத்தின் தலைவரே கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டால் கேட்கலாம்தான். வாங்கிய வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற காண்டிராக்டர்களைப் பார்த்த எனக்கு அவர் செய்தது சரி என்றே படுகிறது.

இப்போது பேரையூருக்கு வருவோம். சம்பாரனில் வாக்குமூலம் எழுதிய மூன்றாவது வருஷம், 1920 ஏப்ரல் 3 அன்று, சேடபட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய வந்ததை ஊர் எதிர்த்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட பதினாறு பேர் உயிர் விட்டார்கள். இங்கே அதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். ஆண்பிள்ளைகள் ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே பத்திரத்தில் வைத்த கைநாட்டு குடியானவனைக் கட்டியது என்றால், இங்கே ரேகையைக் கொடுக்க மாட்டேன் என்றதற்கு உயிர் போனது.

நமக்கும் ஒரு வக்கீல் இருந்தார். செங்கன்னூரில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி, மதுரையில் தொழில் நடத்திய ஜார்ஜ் ஜோசப். 1918-ல் ஹார்வி மில் தொழிலாளர்களுக்கு மதுரையில் சங்கம் அமைத்தவர் அவர்தான். ரேகைச் சட்டத்தில் மாட்டியவர்களுக்காகக் கோர்ட்டில் நின்றார். 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜருக்காக வாதாடியவர்களில் ஒருவரும் அவரே. ஜோசப் என்ற பெயர் நம் ஜனங்கள் வாயில் ரோசாப்பூ ஆகி, 'ரோசாப்பூ துரை' என்று ஆகிவிட்டார். ரோசாப்பூ என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். 1938-ல் ஐம்பது வயதில் மதுரையிலேயே காலமானார். அவருடைய பேரன் எழுதிய வரலாறு 2003-ல் வந்தது. ஆனால் அவரே உட்கார்ந்து, நான் பார்த்த கட்சிக்காரர்கள் சொன்னது இது என்று ராஜேந்திர பிரசாத் போல ஒரு நூல் எழுதி வைக்கவில்லை. சிறை, பத்திரிகை, வைக்கம், தேர்தல் என்று ஓடிய மனிதர், எங்கே நேரம்?

அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947-ல். பெருங்காமநல்லூரை நேரில் பார்த்தவர் இனி யாரும் இருக்க முடியாது. ஆனால் அப்பா சாயங்காலம் சோற்றைத் தின்றுவிட்டுப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனதைச் சிறு பிள்ளையாகப் பார்த்தவர்கள் பேரையூர், சேடபட்டி, உசிலம்பட்டி பக்கம் இன்னும் இருக்கிறார்கள். எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். இவர்கள் சொல்வதை யாராவது எழுதினால் பெரும்பாலும் நாலு வரி எழுதிவிட்டு, மீதியை வீரவசனமாக நிரப்பிவிடுகிறார்கள். சம்பாரன் வக்கீல்கள் செய்தது போல, எந்த ஊர், எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குப் போவார், சீட்டில் கையெழுத்துப் போட்டது யார், நீங்கள் பார்த்ததா அல்லது கேட்டதா என்று குறுக்குக் கேள்வி போட்டு எழுத வேண்டும். நம் சங்கத்தில் பேரையூர் கோர்ட்டிலும் ஹைகோர்ட் மதுரைக் கிளையிலும் தொழில் செய்கிற வக்கீல் நண்பர்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு என்னைவிட அவர்கள்தான் பொருத்தம். மாணவத் தம்பி தங்கைகள் கூட வந்தால் எழுத ஆள் கிடைக்கும். வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

யாரைப் போய்ப் பார்ப்பது என்று ஊர்வாரியாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். போன வருஷம் அதில் பதினாலு பேர். இப்போது பதினொரு பேர். விருப்பம் உள்ளவர்கள் கூட்டத்தன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பார்த்தால் பட்டியலைத் தருகிறேன்.